பெரியவரே, சமீபத்தில் கீழே விழுந்தீர்களா?

"கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் எப்போதாவது கீழே விழுந்தது உண்டா?"

"காது நன்றாகக் கேட்கிறதா?"

"வீட்டில் மருந்தை நீங்களே எடுத்துச் சாப்பிடுகிறீர்களா? அல்லது யாராவது எடுத்துக் கொடுக்கிறார்களா?"

ஒரு முதியவரைப் பார்த்து டாக்டர் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர் காது டாக்டர் அல்ல; எலும்பு டாக்டரும் அல்ல. புற்றுநோய் டாக்டர்!

நோயோ குடலில் இருக்கிறது. அதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? குளிக்கும் அறையில் வழுக்கி விழுந்ததற்கும், புற்றுநோய்க்குக் கொடுக்கப் போகும் மருந்துக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுக் காட்டி, அச்சிலும் ஏற்றியவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயர் ஆர்தி ஹுரியா. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே, டுவார்ட்டே என்ற ஊரில் 'சிட்டி ஆப் ஹோப்' என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 'நம்பிக்கை நகரம்' என்று பொருள். அங்கே புற்றுநோயையும் முதுமையையும் சேர்த்து ஆராயும் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர், ஹுரியா அம்மையார்.

சிலர் புகழ் பெறுவது புது மருந்து கண்டுபிடித்து. சிலர் புகழ் பெறுவது அபூர்வமான ஆபரேஷன் செய்து. இந்த அம்மையார் புகழ் பெற்றது கேள்வி கேட்டு. அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒன்றன் பின் ஒன்றாகப் புரட்டினால், ஒரே கேள்வி மேலும் மேலும் கூர்மையாகிக்கொண்டே வருவது தெரியும். 'இந்தப் பெரியவரின் உடம்பு இந்த மருந்தைத் தாங்குமா?' என்பதுதான் அந்தக் கேள்வி.

வயதானவருக்கு வரும் நோய். இளையவரிடம் சோதித்த மருந்து

புற்றுநோய் யாருக்கும் வரலாம். குழந்தைக்கும் வருகிறது. ஆனால் பெரும்பாலும் அது வயதானவர்களைத் தேடி வரும் நோய். உடம்பில் உள்ள உயிரணுக்கள் பல ஆண்டுகளாகப் பிரிந்து பிரிந்து பெருகும்போது, சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. பிழைகள் மிகுந்த ஓர் அணு, கட்டுக்கு அடங்காமல் பெருகத் தொடங்கினால் அதுதான் புற்றுநோய். ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது.

அப்படியானால், புற்றுநோய் மருந்துகளை யாரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும்? வயதானவர்களிடம் அல்லவா?

நடந்தது வேறு! 1993 முதல் 1996 வரை அமெரிக்காவில் நடந்த 164 மருந்துச் சோதனைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சேர்ந்திருந்த 16,396 நோயாளிகளின் வயதை ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். 1999-ம் ஆண்டில் அந்தக் கணக்கு வெளியாயிற்று. அமெரிக்கப் புற்றுநோயாளிகளில் 100-க்கு 63 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்களிலோ, 65 வயதைத் தாண்டியவர்கள் 100-க்கு 25 பேர்தான்!

சட்டை தைக்க அண்ணனுக்கு அளவு எடுத்து, தாத்தாவுக்குப் போட்டு விட்டது போன்ற கதை இது.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் 'கீமோதெரபி' மருந்து, வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்கும். புற்று அணு வேகமாகப் பெருகுவதால் அது சாகும். ஆனால் உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களும் இருக்கின்றன. எலும்பின் நடுவே இரத்தத்தை உண்டாக்கும் மஜ்ஜை, குடலின் உள் தோல், தலைமுடியின் வேர் எல்லாம் அந்த வகைதான். அவையும் அடி வாங்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வயிறு புரட்டுகிறது, இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்து காய்ச்சல் வருகிறது.

வாலிபரின் மஜ்ஜை சீக்கிரம் தேறிவிடும். முதியவரின் மஜ்ஜைக்கு நாள் ஆகும். மருந்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமும் வயதானால் மெதுவாகவே வேலை செய்யும். அதனால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும்.

இதை நினைத்துச் சில டாக்டர்கள் பயந்தார்கள். "வயது 75 ஆகிவிட்டது. மருந்து வேண்டாம்" என்றார்கள். பிழைத்திருக்கக்கூடியவர்களும் அதனால் வாய்ப்பை இழந்தார்கள். வேறு சில டாக்டர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு மருந்தைக் கொடுத்தார்கள். அதிலும் சிலர் மருந்தின் கொடுமை தாங்காமல் படுத்த படுக்கையானார்கள். இரண்டும் தவறு. இரண்டுக்கும் ஒரே காரணம்: வயதைக் கேட்டார்களே தவிர, ஆளைக் கேட்கவில்லை.

75 வயதில் தினமும் மூன்று மைல் நடக்கிறவர் உண்டு. அதே 75 வயதில், கட்டிலை விட்டு எழுந்து வாசல் வரை வர இரண்டு பேர் தயவை நாடுகிறவரும் உண்டு. பிறந்த தேதியை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுதான்!

27 நிமிடம்

முதியோர் வைத்தியம் படித்த டாக்டர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாக அறிவார்கள். அவர்கள் நோயாளியிடம் நாடி பார்ப்பதோடு நிற்க மாட்டார்கள். நடக்கச் சொல்வார்கள். சமையல் யார் என்று கேட்பார்கள். எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், உடம்பு இளைத்ததா, மனம் சோர்ந்திருக்கிறதா, ஞாபக சக்தி எப்படி, உதவிக்கு ஆள் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஆனால் புற்றுநோய் டாக்டருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? வெளியே வரிசை நிற்கிறது!

ஹுரியா அம்மையார் முதியோர் வைத்தியமும் புற்றுநோய் வைத்தியமும் ஆக இரண்டையும் படித்தவர். இரண்டு படிப்பும் உள்ளவர்கள் மிகச் சிலர். ஆகவே, ஒரு படிப்பில் கற்றதை இன்னொரு படிப்புக்கு எடுத்துக்கொண்டு போனார். விசாரணைகளை எல்லாம் ஒரு கேள்வித்தாளாகச் சுருக்கினார். அதை 43 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களுடைய சராசரி வயது 74.

சராசரியாக 27 நிமிடத்தில் வேலை முடிந்தது. நோயாளிகள் தாங்களே நிரப்ப வேண்டிய பகுதியை, 100-க்கு 78 பேர் யார் உதவியும் இல்லாமல் நிரப்பினார்கள். 2005-ம் ஆண்டில் இந்தக் கட்டுரை வெளிவந்தது. 'கிழவர்களுக்கு இதெல்லாம் புரியாது, நேரம் போதாது' என்று சொன்னவர்களுக்கு அந்த 43 பேரே பதில் சொல்லிவிட்டார்கள். பார்ப்பதற்குச் சிறிய கட்டுரைதான். ஆனால் பின்னால் கட்டிய மாடிக்கெல்லாம் அதுதான் கடைக்கால்.

2006-ம் ஆண்டில், இதே ஆராய்ச்சியில் அக்கறை உள்ள டாக்டர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். 'கேன்சர் அண்ட் ஏஜிங் ரிசர்ச் குரூப்' என்று அதற்குப் பெயர். தனி ஆளாகச் செய்தால் ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளிகளைத்தான் பார்க்க முடியும். பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்தால்தான் கணக்கு உறுதியாகும்.

டாக்டரின் கண் ஏமாந்தது!

2011-ம் ஆண்டில் வந்த கட்டுரைதான் அம்மையாரின் பெயரை உலகம் எங்கும் கொண்டுபோயிற்று. ஏழு ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 500 நோயாளிகள் அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தார்கள். எல்லாரும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். மிக மூத்தவருக்கு வயது 91! மருந்து தொடங்கும் முன்னே அவர்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. பிறகு மருந்து கொடுத்து, என்ன நடக்கிறது என்று கடைசி வரை கவனித்தார்கள்.

100-க்கு 53 பேரை மருந்து கடுமையாகத் தாக்கியது. அதாவது, பாதிப் பேருக்கும் மேல்! அவர்களில் சிலருக்கு உயிருக்கே ஆபத்து வந்தது. 100-க்கு இரண்டு பேர் அந்தத் தாக்குதலால் இறந்தும் போனார்கள்.

யார் தாங்கினார்கள், யார் தாங்கவில்லை? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்ததா?

நோயாளியைப் பார்த்ததும் அவர் எவ்வளவு தெம்பாக இருக்கிறார் என்று டாக்டர் மதிப்பெண் போடும் வழக்கம் 1940-களிலேயே ஏற்பட்டது. கர்னாப்ஸ்கி என்ற டாக்டர் வகுத்த முறை அது. நல்ல தெம்பு என்றால் 100. உயிர் இல்லை என்றால் பூஜ்யம். உலகம் எங்கும் அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் மருந்து கொடுத்து வந்தார்கள். ஹுரியா அம்மையாரின் 500 பேரில், அந்த மதிப்பெண்ணுக்கும் மருந்தின் தாக்குதலுக்கும் சம்பந்தமே காணப்படவில்லை! நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, "எனக்கு ஒன்றும் இல்லை டாக்டர்" என்று சொன்ன பெரியவரைப் பார்த்து டாக்டரின் கண் ஏமாந்துவிட்டது.

ஏமாறாதவை எவை? இரத்தச் சோகை, சிறுநீரகத்தின் மந்தம், நோய் இருக்கும் இடம், மருந்தின் அளவு, ஒரு மருந்தா பல மருந்தா என்ற விவரம் ஆகியவை ஒரு பக்கம். இவை டாக்டர்கள் எதிர்பார்த்தவைதான். மறு பக்கம், பாட்டி தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வீட்டு விஷயங்கள். ஆறு மாதத்தில் விழுந்தாரா? காது சுமாராகத்தான் கேட்கிறதா? ஒரு தெருத் தூரம் நடக்க முடிகிறதா? மருந்தை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமா? உடம்போ மனமோ சரியில்லாததால் சிநேகிதர்களையும் உறவினரையும் போய்ப் பார்ப்பது குறைந்துவிட்டதா?

ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் கொடுத்தார் அம்மையார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 72 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் 2 மதிப்பெண். ஆறு மாதத்தில் ஒரு தடவை விழுந்திருந்தால் 3 மதிப்பெண்! பிறந்த தேதியைவிட, தடுக்கி விழுந்த தேதிக்கு மதிப்பு அதிகம்.

மதிப்பெண்களைக் கூட்டி, 5-க்குள் இருந்தவர்களைப் பார்த்தால், 100-க்கு 30 பேருக்குத்தான் கடும் தாக்குதல். 6 முதல் 9 வரை உள்ளவர்களில் 52 பேருக்கு. 10-க்கு மேல் போனவர்களிலோ 83 பேருக்கு! 2016-ம் ஆண்டில், வேறு 250 நோயாளிகளிடம் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணக்கு பொய்க்கவில்லை.

காது ஏன் இதில் வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். காது மந்தமானவர், "காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்" என்று டாக்டர் சொன்னதைக் கேளாமல் தலையை ஆட்டியிருக்கலாம். உடம்பு முழுவதும் தளர்ந்து வருவதற்குக் காது ஓர் அறிகுறியாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும், கேள்வி கேட்காவிட்டால் டாக்டருக்கு அது தெரியாது.

தெரிந்து என்ன பயன்?

"சரி, ஆபத்து அதிகம் என்று தெரிந்துகொண்டோம். பிறகு என்ன செய்வது?" இது நியாயமான கேள்வி. ஆபத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கையை விரிப்பது வைத்தியம் ஆகாது.

சிட்டி ஆப் ஹோப் ஆஸ்பத்திரியில் 613 முதியவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் கேள்வித்தாளின் விடைகளை எடுத்துக்கொண்டு, நர்சு ஒருவர் தலைமையில் ஒரு குழு வேலையில் இறங்கியது. விழுகிறவருக்கு உடற்பயிற்சி நிபுணர். இளைத்தவருக்கு உணவு நிபுணர். மாத்திரைகள் குவிந்து கிடந்தால், எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்க மருந்தாளர். வீட்டில் துணை இல்லாதவருக்கு சமூக ஊழியர். இன்னொரு பிரிவில் வழக்கமான சிகிச்சை மட்டும்.

முடிவு 2021-ம் ஆண்டில் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு சுமார் 60 பேரை மருந்து கடுமையாகத் தாக்கியது. குழு கவனித்தவர்களில் அது சுமார் 50 ஆகக் குறைந்தது.

அதே ஆண்டில், ரோச்செஸ்டர் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுப்ரியா மோஹிலே தலைமையில் இன்னொரு ஆராய்ச்சியின் முடிவும் வந்தது. 70 வயதைத் தாண்டிய 718 பேர், நோய் முற்றிய நிலையில் இருந்தவர்கள். விசாரணையின் விவரத்தை டாக்டர்களின் கையில் கொடுத்து, யோசனையும் சொன்ன இடங்களில் 100-க்கு 51 பேருக்குக் கடும் தாக்குதல். கொடுக்காத இடங்களில் 71 பேருக்கு! விவரம் தெரிந்த டாக்டர்கள் பலர் முதல் தடவையே மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். அப்படிக் குறைத்ததால் நோயாளிகளின் ஆயுள் குறைந்துவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கீழே விழுந்தவர்களின் தொகையும் 100-க்கு 21-லிருந்து 12 ஆகக் குறைந்தது.

பிழைத்த பிறகு?

நோய் குணமாகிவிட்டது, ஆளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்றால் கதை முடிந்துவிட்டதா? இல்லை.

புற்றுநோய் வந்து பிழைத்திருப்பவர்கள், 2022-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு உயிர் மட்டும் போதுமா? பேரன் பெயர் ஞாபகம் இருக்க வேண்டும். கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்க வேண்டும். பிறர் கையை எதிர்பாராமல் குளிக்க வேண்டும்.

ஹுரியா அம்மையார் இதையும் விடவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து பெற்ற 65 வயதுக்கு மேற்பட்ட 28 பெண்களின் ஞாபக சக்தியையும் அறிவுத் திறனையும், மருந்துக்கு முன்பும், மருந்து முடிந்து ஆறு மாதம் கழித்தும் சோதித்தார். 2006-ல் முடிவு வெளியாயிற்று. பாதிப் பேருக்கு மாற்றம் இல்லை. 11 பேருக்குக் குறைந்திருந்தது. மூன்று பேருக்குக் கூடியிருந்தது! 28 பேர் என்பது சின்னக் கணக்குதான். இதை வைத்து 'மருந்து சாப்பிட்டால் மறதி வரும்' என்று பயமுறுத்தவும் கூடாது. 'ஒன்றும் வராது' என்று மறைக்கவும் கூடாது. முதிய நோயாளிக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. பலர் உயிரைப் போலவே புத்தித் தெளிவையும் பெரிதாக நினைக்கிறார்கள். எது பெரிது என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர்தானே தவிர, மகனும் மருமகனும் அல்ல.

அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்களின் சங்கம், கீமோதெரபி பெறும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இத்தகைய விசாரணை நடத்த வேண்டும் என்று 2018-ல் அறிவுரை வெளியிட்டது. 2023-ல் மற்றப் புதுவகைப் புற்றுநோய் மருந்துகளுக்கும் அதை விரிவாக்கிற்று. ஆனாலும் கேட்காத டாக்டர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேரம் இல்லை என்கிறார்கள். விலை உயர்ந்த மருந்தை ஏற்ற நேரம் இருக்கிறது. அந்த மருந்தைத் தாங்குவாரா என்று கேட்க 27 நிமிடம் இல்லையா? இந்தச் சாக்கை ஏற்றுக்கொள்ள முடியாது.

குற்றம் டாக்டர்கள் மீது மட்டும் அல்ல. இந்த மதிப்பெண்கள் அமெரிக்க நோயாளிகளிடம் போட்ட கணக்கு. வேறு நாட்டில் அங்குள்ளவர்களிடம் சரிபார்த்துத்தான் உபயோகிக்க வேண்டும். ஆனால் பெரியவர்கள் வழுக்கி விழுவதும், விழுந்ததை மறைப்பதும் எல்லா நாட்டிலும் உள்ளதுதான். "சொன்னால் வெளியே விட மாட்டார்கள்" என்று தாத்தா மறைப்பார். "டாக்டரிடம் போய் அதை எல்லாம் சொல்வதா?" என்று வீட்டாரும் மறைப்பார்கள். டாக்டர் கேட்கும்போது, அவருக்குப் பதிலாக மகனே முந்திக்கொண்டு, "அப்பா நன்றாக நடக்கிறார்" என்பான். போன மாதம் கொல்லைப்புறத்தில் விழுந்தது அவனுக்குத் தெரியாது, அல்லது மறந்திருக்கும். மூன்று மதிப்பெண் அங்கே போயிற்று!

"வயதாகிவிட்டது, இனி வைத்தியம் எதற்கு?" என்பவர்களும், "எப்படியாவது முழு மருந்தையும் ஏற்றிவிடுங்கள்" என்று பிடிவாதம் செய்பவர்களும், பெரியவரை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று யோசிக்க வேண்டும்.

ஹுரியா அம்மையார் 2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 48. முதியவர்களுக்காக உழைத்தவர் முதுமையைக் காணவில்லை. மேலே சொன்ன 613 பேரின் முடிவையும் அவர் பார்க்கவில்லை.

வேலை நின்றுவிடவில்லை. 2021-ல், ஆரம்ப நிலையில் மார்பகப் புற்றுநோய் உள்ள முதியோருக்கென்று தனியாக ஒரு மதிப்பெண் முறை வெளியாயிற்று. 473 பேரைக் கொண்டு வகுத்துச் சரிபார்த்தது. எழுதியவர்களின் பட்டியலில் ஹுரியா அம்மையாரின் பெயரும் அச்சாகியிருக்கிறது. 'கீழே விழுந்தீர்களா?' என்ற பழைய கேள்வி அதிலும் இருக்கிறது. அதோடு புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது:

"ஒரு நெருக்கடி வந்தால், உங்களுக்கு நல்ல யோசனை சொல்ல யாராவது இருக்கிறார்களா?"